அனிமே, மங்காவில் பாலின அடையாளமும் வெறிக்காதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே என்பது ஜப்பானிய அசைபடம், மங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. முடிவைச் சொல்லாமல் பேச முடியாத கதைகள் இதில் பல. முடிவு வெளிப்படும் இடங்களில் முன்னாலேயே எச்சரித்திருக்கிறோம். அந்தக் கதையை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அந்தப் பதிலைத் தாண்டிவிடலாம்.

இரண்டும் வேறு வேறு விஷயங்களாயிற்றே, ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்?

வேறுதான். ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டுமில்லாமலோ உணர்வதற்கும், இன்னொருவர் மேல் பித்துப் பிடித்துத் திரிவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. திருநர் பாத்திரம் என்றாலே மனம் பிறழ்ந்த கொலையாளி என்று காட்டும் திகில் கதைகள் உலகம் முழுக்க உண்டு. அந்தப் பழைய பொய்க்கு இங்கே இடமில்லை.

ஆனால் ஜப்பானியக் கதைகளில் இரண்டும் ஒரு புள்ளியில் அடிக்கடி சந்திக்கின்றன. ஒருவரை அடைய வேண்டும் என்ற ஆசை, மெல்ல அவராகவே ஆக வேண்டும் என்ற ஆசையாகிவிடும். இந்த அடைவதையும் ஆவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கீழே வரும் கதைகளில் பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

பெண் உடையில் வரும் பையன், ஆண் உடையில் வரும் பெண், திருநர் பாத்திரம்: எப்படிப் பிரித்தறிவது?

நான்கை மட்டும் தனித்தனியாகக் கவனியுங்கள்: உடல், உடை, அந்தப் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வது, யாரும் பார்க்காதபோது செய்வது. விடை பெரும்பாலும் கடைசியில் இருக்கும்.

'ஓரான் ஹைஸ்கூல் ஹோஸ்ட் கிளப்'பில் ஹருஹி ஆண் சீருடை போடுவதற்குக் காரணம் கடன். 80 லட்சம் யென் மதிப்புள்ள ஜாடியை உடைத்துவிட்டாள், அதை அடைக்க வேண்டும். யார் தன்னை ஆண் என்று நினைத்தாலும் பெண் என்று நினைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. 'குராகேஹிமே'வின் குரானோசுகே தினமும் பெண் உடையில் அசத்துவான். கேட்டால் 'நான் ஆண்' என்பான். உடை அவனுக்குக் கலை, கொஞ்சம் அம்மாவின் நினைவு. 'ஹோரோ முசுகோ'வின் நிடோரிக்கோ உடை என்பது கண்ணாடி முன்னால் தனியாக நின்று தன்னைத் தேடும் வழி. மூன்று கதையிலும் உடை மாறுகிறது. மாறுவதற்கான காரணம் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது.

சப்டைட்டிலோடு பார்ப்பவர்கள் காதையும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். 'நான்' என்று சொல்ல ஜப்பானிய மொழியில் பல சொற்கள். 'அதாஷி' பெண்தன்மை கொண்டது, 'போகு' மென்மையான பையன், 'ஒரே' முரட்டு ஆண், 'வாதாஷி' பொது. ஒரு பாத்திரம் பாதிக் கதையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் எழுதியவர் ஏதோ சொல்ல வருகிறார். ஹருஹி முதல் எபிசோட் முடிவிலேயே இனிமேல் 'ஒரே' என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசிப்பாள். தமிழில் அது வெறும் 'நான்' ஆகி மறைந்துபோகும்.

இதெல்லாம் சமீபத்தில் வந்த மோகமா?

இல்லை, மங்காவின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஹியோகோ மாகாணத்தின் டகராசுகா நகரில் 1914-லிருந்து பெண்கள் மட்டுமே நடிக்கும் மேடைக் குழு ஒன்று ஆடிவருகிறது. ஆண் வேடமும் பெண்கள்தான். அந்த ஊரில் வளர்ந்த ஒசாமு தெசுகா 1953-ல் 'ரிப்பன் நோ கிஷி' தொடங்கினார். அதன் நாயகி சஃபையருக்கு ஆண் இதயம் ஒன்று, பெண் இதயம் ஒன்று. அரியணைக்காக இளவரசனாக வளர்க்கப்படுகிறாள். 1972-ல் ரியோகோ இகேடா தொடங்கிய 'வெர்சாய் நோ பாரா'வில் ஒஸ்கார் பிரெஞ்சு அரண்மனைக் காவற்படைத் தளபதி. மகன் இல்லாத தந்தை மகனாக வளர்த்த மகள். 1974-ல் அதே டகராசுகா குழு அதை மேடையேற்றியது. மேடை மங்காவுக்குக் கொடுத்ததை மங்கா மேடைக்கே திருப்பித் தந்தது.

1975-ல் மோட்டோ ஹாகியோவின் அறிவியல் கதையில் ஃப்ரோல் என்ற பாத்திரத்துக்கு இன்னும் பாலினமே முடிவாகவில்லை. அந்தக் கோளின் மக்கள் வளர்ந்த பிறகுதான் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். இன்றைய கதைகள் பலவும் திணறும் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு விண்கலத்துக்குள் வைத்துப் பேசிவிட்டார்.

இங்கே 'ஸ்டாப் ஹிபாரி-குன்' பற்றியும் சொல்ல வேண்டும். 1981 முதல் 1983 வரை, சண்டைக் கதைகளுக்குப் பேர்போன வார இதழான 'ஷோனென் ஜம்ப்'பில் ஹிசாஷி எகுச்சி எழுதியது. யாகுசா எனப்படும் குற்றக் கும்பலின் தலைவருடைய பிள்ளை ஹிபாரி பெண்ணாக வாழ்கிறாள். பள்ளியில் யாருக்கும் தெரியாது. நகைச்சுவைக் கதைதான். ஆனாலும் பெரும்பாலும் சிரிப்புக்கு ஆளாவது ஹிபாரியைப் பார்த்துத் தடுமாறும் ஆண்கள்தான், ஹிபாரி அல்ல.

ரான்மா 1/2 திருநர் கதையா?

எழுதிய ருமிகோ டகாஹாஷி அப்படி எழுதவில்லை. 1987-ல் தொடங்கி 1996 வரை வந்த இந்த 38 தொகுதிக் கதையில் குளிர்ந்த நீர் பட்டால் ரான்மா பெண், வெந்நீர் பட்டால் ஆண். சபிக்கப்பட்ட ஊற்றில் விழுந்ததன் விளைவு அது. ரான்மா தன்னை எப்போதும் ஆண் என்றே சொல்வான். அனிமேயில் இரண்டு உடலுக்கும் இரண்டு குரல் கலைஞர்கள். 2024-ல் வந்த புதிய தொடரிலும் அதே இருவர் திரும்பி வந்தார்கள்.

ஆனால் வெறிக்காதலைப் படிக்க இதைவிடச் சுவையான இடம் இல்லை. குனோ என்ற பணக்கார மாணவன் சடை போட்ட பெண் ஒருத்தி மேல் உருகுகிறான். அவள்தான் தன் பரம எதிரி ரான்மா என்பது எத்தனை முறை கண்ணெதிரே நடந்தாலும் மண்டையில் ஏறாது. ஷாம்பூ இன்னும் ஒரு படி மேல். அவள் குலத்தின் சட்டப்படி, வெளியூர்ப் பெண் தன்னைத் தோற்கடித்தால் விரட்டிக் கொல்ல வேண்டும், ஆண் தோற்கடித்தால் மணக்க வேண்டும். பெண் ரான்மாவைக் கொல்லத் துரத்துகிறாள், ஆண் ரான்மாவை மணக்கத் துரத்துகிறாள். ஆள் ஒன்று, துரத்தலும் ஒன்று. தண்ணீரின் சூட்டைப் பொறுத்துக் கொலையா கல்யாணமா என்று மாறுகிறது. வெறிக்காதல் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதே இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை.

திருநர் குழந்தையை உண்மையாகக் காட்டிய கதை எது?

டகாகோ ஷிமுராவின் 'ஹோரோ முசுகோ'. 2002 முதல் 2013 வரை, 15 தொகுதிகள். ஆணாகப் பிறந்து பெண்ணாக இருக்க விரும்பும் நிடோரி ஷூயிச்சி, பெண்ணாகப் பிறந்து ஆணாக இருக்க விரும்பும் டகாட்சுகி யோஷினோ. மங்கா ஐந்தாம் வகுப்பில் தொடங்குகிறது. 2011 அனிமே நேராக நடுநிலைப் பள்ளியில் தொடங்கும். அனிமேயை மட்டும் பார்த்தவர்கள் 'யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை' என்று முதல் எபிசோடோடு நிறுத்திவிடுவதற்குக் காரணம் இதுதான். முதல் இரண்டு தொகுதி மங்காவைப் படித்துவிட்டு வாருங்கள், சரியாகிவிடும்.

இனி அனிமேயின் முடிவுக்கு அருகே உள்ள ஒரு நிகழ்வு. டகாட்சுகி ஒருநாள் ஆண் சீருடையில் பள்ளிக்கு வருகிறாள். அதற்கு முன்பே வேறொரு மாணவி அப்படி வந்து வழி திறந்துவிட்டாள். சற்றே முணுமுணுப்பு, அவ்வளவுதான். பிறகு நிடோரி பெண் சீருடையில் போகிறது. சிரிப்பு, கூச்சல், ஆசிரியர்களின் பதற்றம், உடனே மருத்துவ அறை, வீட்டுக்குத் தகவல். அதன்பின் நிடோரியின் பள்ளி நாள்கள் வகுப்பறையில் இல்லை, அந்த மருத்துவ அறையில்தான். பெண் ஆண் உடை போட்டால் துணிச்சல், ஆண் பெண் உடை போட்டால் அவமானம் என்ற கணக்கை ஷிமுரா ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை. இரண்டு காலைப் பொழுதுகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இன்னொன்று குரல். அனிமேயில் பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பதுதான் வழக்கம். இதில் நிடோரிக்குக் குரல் கொடுத்தது உண்மையான பதின்வயதுப் பையன். குரல் உடையுமே என்ற பயம் கதையின் நரம்பு. அதற்குப் பழகிய பெண் குரலைப் போட்டிருந்தால் பயமே பொய்யாகியிருக்கும்.

வெறிக்காதலும் இதற்குள் இருக்கிறது. சிபா சாவோரி நிடோரியை விரும்புகிறாள். நிடோரிக்கு டகாட்சுகியைப் பிடித்திருக்கிறது. டகாட்சுகி மேல் உள்ள வெறுப்பைச் சாவோரி மறைக்கமாட்டாள், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கத்தியும் ரத்தமும் இல்லை. அதனாலேயே யாரும் இவளை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

குறை சொல்வோரும் உண்டு. வளர வளர டகாட்சுகியின் ஆண் ஆசை கரைந்துபோவது பல திருநம்பி வாசகர்களை வருத்தியது. அந்த வருத்தம் நியாயமானது. அதே சமயம் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே முடிவைத் தராதது கதையின் நேர்மை என்றும் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் ஜப்பானியச் சட்டம் என்ன சொன்னது?

குடும்பப் பதிவேட்டில் பாலினத்தை மாற்ற வழிசெய்யும் சிறப்புச் சட்டம் 2003-ல் நிறைவேறி 2004-ல் நடைமுறைக்கு வந்தது. நிபந்தனைகள் கடுமை: திருமணமாகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கக் கூடாது (2008-ல் இது மைனர் பிள்ளை இருக்கக் கூடாது என்று தளர்ந்தது), இனப்பெருக்கத் திறன் இருக்கக் கூடாது. கருத்தடை அறுவையைக் கட்டாயமாக்கிய அந்தக் கடைசி நிபந்தனை அரசியலமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 25 அன்று தீர்ப்பளித்தது. 2000களின் கதைகளில் 'பெரியவனானதும் அறுவை செய்துகொள்வாயா?' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருவதன் பின்னணி இது.

'ஒட்டோகோ நோ கோ' என்கிறார்களே, அது திருநங்கையா?

இல்லை. பெண் போலத் தோன்றும் பையன் என்ற பாத்திர வகை. பெரும்பாலும் வாசகரைக் குழப்பிச் சிரிக்கவைக்கப் படைக்கப்படுவது. சில சமயம் அந்தச் சட்டகத்துக்குள் அடங்காத ஒருவரையும் அதற்குள் திணித்துவிடுகிறார்கள். 'ஸ்டெயின்ஸ் கேட்'டில் ருகா பெண்ணாக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டு, தன்னைக் கர்ப்பமாயிருந்த அம்மாவின் பேஜருக்குக் கடந்த காலத்துக்கே செய்தி அனுப்பவைத்துப் பெண்ணாகிவிடுகிறாள். நாயகன் உலகத்தைச் சரிசெய்ய அந்த ஆசையைப் பறிக்க வேண்டும். மற்ற பெண்களின் இழப்புகளுக்குக் கண்ணீர் வடிக்கும் தொடர், இவளுடையதைச் சற்று வேகமாகவே கடந்துபோகிறது.

மாற்றமும் நடக்கிறது. சண்டை விளையாட்டான 'கில்டி கியர்' வரிசையில் 2002-ல் இந்த வகைப் பாத்திரமாக அறிமுகமான பிரிட்ஜெட், 2022 பதிப்பில் தன்னைப் பெண் என்று அறிவித்தாள். விளையாட்டை உருவாக்கியவரும் அதை உறுதிசெய்தார்.

'ஒகாமா' என்ற சொல் பழைய படைப்புகளில் நிறைய வரும். பெண்தன்மை கொண்ட ஆண்களையும் திருநங்கைகளையும் இழிவாகக் குறிக்கும் வசைச்சொல் அது. 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' படத்தின் ஹானா போலச் சிலர் தங்களைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். நாம் எடுத்தாள வேண்டாம்.

'ஒன் பீஸ்' யமாடோ ஆணா பெண்ணா?

இந்தச் சண்டை இப்போதைக்கு ஓயாது. யமாடோ சொல்வது 'நான் கோசுகி ஓடென்' என்பதுதான். ஓடென் கதையில் முன்பே இறந்துபோன புகழ்பெற்ற சாமுராய், ஆண். ஆகவே தானும் ஆண். தந்தை கைடோ 'மகன்' என்கிறான், யமாடோ ஆண்களோடு குளிக்கப் போகிறது. ஓடெனின் குறிப்பேட்டைப் படித்து வளர்ந்த பிள்ளை அவராகவே வாழ முடிவெடுக்கிறது. மேலே சொன்ன 'ஆக நினைப்பது' காதலே இல்லாமல், வியப்பு ஒன்றாலேயே நடக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அதே வானோ கதைப்பகுதியில் வரும் கிகு 'என் உள்ளம் பெண்' என்று நேராகச் சொல்கிறாள். அங்கே விவாதத்துக்கே இடமில்லை.

இவர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது அவனா, அவளா, அவரா?

பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதே முதல் அளவுகோல். கிகு அவள், குரானோசுகே அவன். சொல்லாத இடத்தில்தான் சிக்கல், ஏனென்றால் தமிழில் வினைமுற்றிலும் பால் ஒட்டிக்கொள்ளும். 'வந்தான்' என்று எழுதிய நொடியில் தீர்ப்பு எழுதியாயிற்று. ஜப்பானிய மொழியில் எழுவாயையே விட்டுவிடலாம், வினையும் மாறாது.

பெரியவர்களுக்கு 'அவர், வந்தார்' கைகொடுக்கும். 'அட்டாக் ஆன் டைட்டன்' மங்காவில் ஹாங்கேயின் பாலினம் சொல்லப்படவில்லை. ஆங்கிலப் பதிப்பாளர்கள் 'அவன், அவள்' இரண்டையும் தவிர்க்கப் படாத பாடு பட்டார்கள். தமிழில் 'ஹாங்கே சொன்னார்' என்றால் முடிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு 'அவர்' பொருந்தாது. அங்கே 'நிடோரி சொல்வது', 'நிடோரியின் பதில்' எனத் தொழிற்பெயரால் வாக்கியத்தைக் கட்டலாம், அல்லது பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் சொல்வதுபோல 'போகிறது, வருகிறது' என்று எழுதலாம். இந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்திருக்கிறோம். பெரிய ஆளுக்கு அந்த அஃறிணை முடிவு மரியாதைக் குறைவாகிவிடும், கவனம். யமாடோவுக்கு மேலே எழுதியதிலேயே சிலருக்கு முகம் சுளிக்கும்.

டப்பிங்கில் பாலினத்தை மாற்றுவார்களாமே?

மாற்றியிருக்கிறார்கள். 1990களில் ஜப்பானில் ஓடிய 'சைலர் மூன்' தொடரின் பழைய ஆங்கில டப்பிங்கில் காதலர்களான ஹருகா, மிச்சிரு இருவரையும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கினார்கள். காட்சிகளை அப்படியே விட்டுவிட்டதால் உறவு இன்னும் விபரீதமானது. ஆணை நேசிக்கும் சோய்சைட்டைப் பெண் ஆக்கினார்கள். பழைய டப்பிங்கில் பார்த்துவிட்டு விவாதத்தில் இறங்கினால் இரண்டு பேரும் இரண்டு வேறு கதையைப் பேசிக்கொண்டிருப்பீர்கள். எந்தப் பதிப்பு என்பதை முதலில் கேளுங்கள்.

யாண்டெரே என்றால் சரியாக என்ன?

நோயுற்றிருப்பதைக் குறிக்கும் சொல்லும், காதலில் குழைவதைக் குறிக்கும் சொல்லும் ஒட்டிப் பிறந்த ரசிகர் வழக்கு. மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். வெளியே அன்பான, இயல்பான முகம். ஒரே ஒருவரைச் சுற்றி உலகம் சுருங்கிப்போதல். அந்த ஒருவரை இழக்கும் அச்சம் வந்ததும் வன்முறை, அது மற்றவர் மேலோ தன் மேலோ காதலிப்பவர் மேலேயோ.

வெறும் பொறாமைக்காரி யாண்டெரே அல்ல. வெளியே கடுகடுத்து உள்ளே குழைபவள் சுண்டெரே, அது வேறு வகை. எல்லாரையும் வெட்டுகிற கொலையாளியும் யாண்டெரே ஆகமாட்டாள். காதல் இல்லாவிட்டால் அவள் கத்தியைத் தொடவே மாட்டாள் என்ற நிலை வேண்டும்.

இதுவும் இணையக் காலச் சரக்குதானா?

பெயர்தான் புதிது. வாகாயாமாவின் டோஜோ-ஜி கோயில் கதை 11ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தொகுப்பிலேயே இருக்கிறது. ஏமாற்றிவிட்டு ஓடிய இளம் துறவியைத் துரத்தும் பெண் பாம்பாகிறாள். அவன் ஒளிந்த வெண்கல மணியைச் சுற்றிக்கொண்டு அவனை உள்ளேயே எரிக்கிறாள். பின்னாளில் அவளுக்குக் கியோஹிமே என்று பெயர் வந்தது. ஜப்பானின் பழைய மேடைக் கலைகளான 'நோ' நாடகமும் கபூக்கியும் அவளை இன்றுவரை ஆடுகின்றன. கபூக்கியில் அவளாக ஆடுபவர் பெண்வேடமேற்கும் ஆண் கலைஞர். 1629-ல் பெண்கள் மேடையேறத் தடை வந்ததிலிருந்து அப்படித்தான். எடோவின் (இன்றைய டோக்கியோ) காய்கறிக் கடைக்காரர் மகள் ஒஷிச்சி, தீவிபத்தின்போது சந்தித்த காதலனை மறுபடி பார்க்கத் தீ வைத்தாள் என்பது கதை. 1683-ல் அவளுக்கு மரண தண்டனை. இன்றைய அனிமேயில் கைபேசியோடு அலைபவள் இவர்களின் பேத்திதான்.

காசாய் யூனோவை ஏன் எல்லாரும் அளவுகோலாக வைக்கிறார்கள்?

சகாயே எசுனோவின் 'மிராய் நிக்கி' (2006 முதல் 2010 வரை, 12 தொகுதிகள், அனிமே 26 எபிசோட்) உயிர்பிழைப்புப் போட்டிக் கதை. 12 பேரிடம் எதிர்காலம் சொல்லும் டைரி. யுகிதெருவின் கைபேசி டைரி அவனைச் சுற்றி நடப்பதை எல்லாம் சொல்லும், அவனைப் பற்றி மட்டும் சொல்லாது. வேடிக்கை பார்த்தே வளர்ந்த பிள்ளை அவன். யூனோவின் டைரி யுகிதெரு என்ன செய்கிறான் என்பதை 10 நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும், வேறெதையும் சொல்லாது. அவளுக்கே ஆபத்து வந்தாலும் அதில் வராது. இரண்டையும் சேர்த்தால்தான் முழுப் படம். வெறிக்காதல் என்றால் என்ன என்று வசனம் எழுதாமல், கருவியின் விதியாகவே எசுனோ எழுதிவிட்டார்: அவளுடைய நாளேட்டில் அவளே இல்லை.

முடிவை நெருங்கும் தகவல்: இவளைக் கூண்டில் அடைத்துப் பட்டினி போட்டது பெற்றவர்கள்தான். பின்னர் யாருமில்லாதவளாக வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவளிடம் யுகிதெரு போகிறபோக்கில், வளர்ந்ததும் பார்க்கலாம் என்ற பாணியில் ஒரு வாக்குத் தருகிறான். அவன் மறந்துவிட்டான். அவள் அதன்மேல் வாழ்க்கையைக் கட்டினாள். 'க்யூட்' என்று ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் இந்தப் பாதியைப் படித்திருக்க மாட்டார்கள்.

'நைஸ் போட்' என்கிறார்களே, அது என்ன?

2007-ல் ஓடிய 12 எபிசோட் தொடர் 'ஸ்கூல் டேஸ்'. பள்ளிக் காதல் கதைபோலத் தொடங்கும். நாயகன் மகோடோ எல்லாரையும் ஏமாற்ற, கட்சுரா கோடோனோஹா கொஞ்சம் கொஞ்சமாக உடைவாள். செப்டம்பர் 18 அன்று கடைசி எபிசோட் ஒளிபரப்பாக வேண்டும். அன்றுதான் கியோட்டோ மாகாணத்தில் 16 வயதுப் பெண் தன் தந்தையைக் கோடரியால் கொன்ற செய்தி வந்தது. டிவி கனகவா எபிசோடை நிறுத்திவிட்டு, செவ்வியல் இசையோடு இயற்கைக் காட்சிகளை ஓட்டியது. அதில் ஒரு கப்பல். யாரோ இணையத்தில் 'நல்ல படகு' என்று எழுத, அது பெயராகவே நிலைத்தது.

நகைச்சுவையைத் தாண்டிப் பார்த்தால், தொடர் மகோடோவைத் தப்பவிடவில்லை என்பது முக்கியம். கோடோனோஹா பிறவிப் பைத்தியம் அல்ல. கேலி, தனிமை, பொய் எல்லாம் சேர்ந்து அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன.

ஆண் யாண்டெரே கிடையாதா?

நிறைய உண்டு, பெயர்தான் வேறு வைத்துவிடுகிறார்கள்: பாதுகாப்பவன், அளவுகடந்து நேசிப்பவன். பெண்களுக்கான காதல் விளையாட்டிலிருந்து வந்த 'அம்னீஷியா'வில் டோமா நாயகியைக் கூண்டில் பூட்டுகிறான், அவளுடைய பாதுகாப்புக்காம். அதே வேலையை ஒரு பெண் பாத்திரம் செய்தால் திகில் கதை என்பார்கள்.

அடைய நினைப்பது எங்கே ஆக நினைப்பதாக மாறுகிறது?

முழுக்க முடிவு வெளிப்படும் பதில் இது.

'மை ஹீரோ அகாடமியா'வின் டோகா ஹிமிகோ எளிதான நுழைவாயில். ஒருவரின் ரத்தத்தைக் குடித்தால் அவருடைய உருவம் வரும். அவளுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவராகவே ஆக வேண்டும். பிடித்தவர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. அவளை வில்லி ஆக்கியது அந்த ஆசை மட்டுமல்ல, சிறு வயதில் அதை 'அசிங்கம்' என்று மூடிவைத்த வீடும்தான்.

சடோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) இரண்டு வெறியையும் அருகருகே வைக்கிறது. பாடகியாக இருந்து நடிகையாக மாறும் மிமாவை ஒரு ரசிகன் பின்தொடர்கிறான். பழைய, 'தூய்மையான' மிமா அவனுக்கு வேண்டும். மிமாவின் பெயரில் இணையத்தில் யாரோ நாளேடு எழுதுகிறார்கள். எழுதுவது ரசிகன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையான ஆபத்து மேலாளர் ரூமி. அவளும் முன்னாள் பாடகி. அவளுக்கு மிமா வேண்டாம், மிமாவாகவே இருக்க வேண்டும். ரசிகனை முதல் அரைமணியிலேயே கண்டுகொள்ளும் பார்வையாளர் ரூமியைக் கடைசிவரை சந்தேகிப்பதில்லை. துரத்துபவன் ஆண், அரவணைப்பவள் பெண் என்ற நம் பழக்கத்தை வைத்தே கோன் நம்மை ஏமாற்றுகிறார்.

ஷூசோ ஓஷிமியின் 'போகு வா மாரி நோ நாகா' (2012 முதல் 2016 வரை, 9 தொகுதிகள்) இந்தப் பக்கத்தின் இரண்டு தலைப்பும் ஒரே உடலுக்குள் மோதும் இடம். கல்லூரிக்குப் போகாமல் அறைக்குள் அடைந்துகிடக்கும் இசாவோ, மாரி என்ற பள்ளி மாணவியைத் தினமும் பின்தொடர்கிறான். ஒருநாள் கண்விழித்தால் மாரியின் உடலில் இருக்கிறான். உடல் மாறும் நகைச்சுவை என்று எண்ணிப் படிப்பவர்கள் மூன்றாவது தொகுதிக்குள் திகைத்துப்போவார்கள். வெளியே இசாவோ அவன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கிறான், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மாரிக்குள் இருப்பது இசாவோ அல்ல. மாரியே உருவாக்கிக்கொண்ட ஓர் 'இசாவோ'. யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அப்படியே திரும்பிவிடுகிறது. இதைத் திருநர் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பிளவுபட்ட மனத்தின் கதை. ஆண்மை பற்றிய கேள்வியை ஓஷிமி நேரடியாக எடுத்தது பின்னர் வந்த 'ஒகாயேரி ஆலிஸ்' தொடரில். அதில் கேய் 'ஆணாக இருப்பதை விட்டுவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பும்.

'கில்லிங் ஸ்டாக்கிங்' பார்க்கலாமா?

அது ஜப்பானிய மங்கா அல்ல, இணையத்தில் வெளிவந்த கொரியப் படக்கதை (வெப்டூன்). வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்தது, வயதுவந்தோருக்கு மட்டும். காதல் கதை என்று பரிந்துரைப்பவர்களை நம்பாதீர்கள்.

இந்தக் கதைகள் பின்தொடர்வதை நியாயப்படுத்துகின்றனவா?

சில, ஆம். பின்தொடர்பவரின் பார்வை மட்டுமே காட்டப்பட்டு, பின்தொடரப்படுபவருக்கு ஒரு நாளாவது சொந்தமாகக் கிடைக்காவிட்டால் சந்தேகப்படுங்கள். மிமாவுக்கு வீடு, வேலை, பயம், மீன் தொட்டி எல்லாம் உண்டு. மோசமான கதைகளில் காதலிக்கப்படுபவருக்குப் பெயரும் முகமும் மட்டும்தான் இருக்கும்.

ஜப்பானில் பின்தொடர்தல் தடுப்புச் சட்டம் வந்தது 2000-ல். முந்தைய ஆண்டு சைத்தாமாவின் ஒகேகாவாவில் ஒரு மாணவி கொல்லப்பட்டதும், காவல்துறை புகாரை அலட்சியப்படுத்தியது வெளிவந்ததும் காரணம். தொலைபேசியையும் ஃபேக்ஸையும் சேர்த்தவர்கள் மின்னஞ்சலைச் சேர்த்தது 2013-ல்தான். சமூக வலைத்தளச் செய்திகள் 2016-ல், ஜிபிஎஸ் 2021-ல். யூனோ 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவன் எங்கிருக்கிறான் என்று பார்த்தபோது அவள் வேகத்துக்குச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

பதின்வயதினருக்கு 'ஓரான்', 26 எபிசோட், பயமில்லாமல் பார்க்கலாம். அடுத்து 'ஹோரோ முசுகோ'. ஆங்கிலப் பதிப்பு 8 தொகுதியோடு நின்றுபோனது, ஆகவே முடிவு தேடுபவர்களுக்கு ஜப்பானியப் பதிப்புதான் வழி. பெரியவர்களின் வாழ்க்கையும் சேர்ந்து வேண்டுமென்றால் ஒனோமிச்சி நகரில் நடக்கும் 'ஷிமானாமி டாசோகாரே', நான்கே தொகுதி. எழுதிய யூஹ்கி கமாடானி தன்னை ஆண், பெண் இரண்டிலும் சேராதவர் என்று வெளிப்படையாக அறிவித்தவர்.

வெறிக்காதலுக்கு முதலில் 'பெர்ஃபெக்ட் ப்ளூ'. 81 நிமிடம்தான், ஆனால் பாலியல் வன்முறைப் படப்பிடிப்புக் காட்சி ஒன்று இருக்கிறது, 18 வயதுக்கு மேல் மட்டும். பிறகு 'மிராய் நிக்கி'. 'ஹேப்பி சுகர் லைஃப்' இனிப்பு நிறத்தில் சிறுமியைக் கடத்தி வைக்கும் கதை. அட்டைப் படத்தைப் பார்த்துத் தம்பி தங்கைக்குப் போட்டுவிடாதீர்கள். 39 எபிசோட் 'உதெனா'வைக் கடைசியில் வையுங்கள். இளவரசியாக அல்ல, இளவரசனாக வேண்டும் என்று கிளம்பும் பெண்ணின் கதை அது. முதல் 12 எபிசோடுகள் ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருவதுபோலத் தோன்றும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். 13ஐத் தாண்டிவிடுங்கள்.